1943-இல் ஒரு பெண்ணைப் போல உடுத்த: பிரிட்டனின் போர்க்கால உடையை முதன்முறை சேர்ப்பவர்களுக்கு

இங்கிலாந்தில் பழைய ரயில் பாதைகளிலும் சின்ன ஊர்களிலும் 'நாற்பதுகள் வார இறுதி' என்று நடத்துவார்கள். யார்க்‌ஷயரின் ஹாவர்த்தில் நடப்பது பெயர்போனது. வருகிறவர்களில் பாதிப்பேர் இரண்டாம் உலகப் போர்க்கால உடையில் இருப்பார்கள். தோழி என்னைக் கூப்பிட்டபோது, ஒரு பூப்போட்ட கவுன், சிவப்பு லிப்ஸ்டிக், அவ்வளவுதானே என்று நினைத்தேன். இணையத்தில் '1940கள்' என்று போட்டிருந்த கவுனை 85 பவுண்டு கொடுத்து வாங்கினேன். அது 1970களின் கவுன் என்பது எனக்குத் தெரியவில்லை. அங்கே வந்திருந்த ஒரு பாட்டிக்கு என் முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்புறம் ஓராண்டு தட்டுத் தடுமாறிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கவுனைக் கடைசியில் வாங்குங்கள். எல்லாரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், எல்லாருக்கும் அங்கேதான் காசு போகிறது.

1. ஆண்டை முடிவுசெய்யுங்கள்

'நாற்பதுகள்' என்பது ஓர் உடையல்ல. பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது 1941 ஜூன் 1-ஆம் தேதி. 1942-இல் பொத்தான், மடிப்பு, பாக்கெட் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு வந்தது. 1947 பிப்ரவரியில் பாரிஸில் டியோர் என்ற ஆடை வடிவமைப்பாளர் குடை போல விரியும் பாவாடையைக் காட்டிய பிறகு எல்லாம் மாறியது. ஆகவே 1940, 1943, 1948 மூன்றும் மூன்று தோற்றங்கள்.

புதியவர்களுக்கு என் சிபாரிசு 1943. குறுகலான பாவாடை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் நீளம், தோளில் லேசான பேடு, குறைந்த பொத்தான்கள். துணி அதிகம் தேவையில்லை, தைப்பதும் சுலபம்.

பெரிய பொறி: சுழன்றால் வட்டமாக விரியும் பாவாடை, புள்ளி போட்ட துணி, உள்ளே வலைப் பாவாடை. கடைகளில் 'விண்டேஜ்' என்று கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். இது 1950கள். ரேஷன் காலத்தில் இவ்வளவு துணியை யாரும் ஒரே பாவாடையில் போட்டிருக்க முடியாது.

இன்னொன்று, முதல் முறையே ராணுவச் சீருடையில் இறங்காதீர்கள். பிரிட்டிஷ் படைகளின் சீருடையை அனுமதியில்லாமல் அணிவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1894-இலிருந்து இருக்கிறது. நாடகம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும், பதவிப் பட்டை, பதக்கம் என்று போனால் அங்கே வரும் முன்னாள் படைவீரர் குடும்பங்களின் முன்னால் சங்கடப்படப்போவது நீங்கள்தான். சாதாரணக் குடிமக்கள் உடை போதும்.

2. சினிமா நட்சத்திரங்களைப் பார்க்காதீர்கள், பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள்

ஏகாதிபத்தியப் போர் அருங்காட்சியகத்தின் (இம்பீரியல் வார் மியூசியம்) படத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் பாத்தே செய்திப் படங்களும் இருக்கின்றன. அவற்றில் கடை வரிசையில் நிற்கும் பெண்களைப் பாருங்கள். தேதி போட்ட ஐந்து படங்களை போனில் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். கடையிலும் தையல்காரரிடமும் நீட்ட உதவும்.

3. உள்ளிருந்து தொடங்குங்கள்

இதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போதைய பிராவும் லெகிங்ஸும் போட்டுக்கொண்டு அதன்மேல் 1943 கவுனைப் போட்டால், கவுன் எங்கோ உட்காரும், இடுப்பு எங்கோ இருக்கும். அன்றைய துணிக்கு இழுவை கிடையாது. அந்தத் துணி, கீழே இருக்கும் உடம்பு குறிப்பிட்ட வடிவில் இருக்கும் என்று நம்பி வெட்டப்பட்டது.

தேவையானவை மூன்று.

முதலாவது கர்டில். இடுப்பிலிருந்து தொடை மேல்பகுதி வரை இறுக்கிப் பிடிக்கும் பட்டை. கீழே ஸ்டாக்கிங்கைப் பிடிக்கும் சஸ்பெண்டர் கொக்கிகள் தொங்கும். நான்கு கொக்கி வைத்தது மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஆறு வைத்ததையே வாங்குங்கள். நான்கில் ஒன்று கழன்றால் ஸ்டாக்கிங் முழங்காலுக்கு இறங்கிவிடும். கொக்கி உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கொக்கி நடக்க நடக்கக் கழலும். பழைய கர்டிலை வாங்கவே வேண்டாம், அதன் ரப்பர் செத்துப்போயிருக்கும். இன்றும் புதிதாகத் தைத்து விற்கிறார்கள்.

இரண்டாவது பிரா. கூம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது ஐம்பதுகளின் வடிவம். 1943-க்குக் கம்பியில்லாத, பஞ்சு வைக்காத சாதாரணப் பருத்தி பிரா போதும். வீட்டில் இருப்பதே சரியாக இருக்கலாம்.

மூன்றாவது உள்ளே போடும் ஸ்லிப். ரேயான் கவுன் ஸ்டாக்கிங்கில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறாமல் இருக்க இது கட்டாயம். தர்ம காரியத்துக்காகப் பழைய பொருள் விற்கும் கடையில், அதாவது சாரிட்டி ஷாப்பில், எளிதாகக் கிடைக்கும்.

ஸ்டாக்கிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னங்காலில் கோடு ஓடும் வகை வேண்டும். உண்மையான நைலான் ஸ்டாக்கிங் இழுபடாது. பாதத்தின் அளவும் காலின் நீளமும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சிறியதாக எடுத்தால் கட்டைவிரல் பக்கம் கிழியும், பெரியதாக எடுத்தால் கணுக்காலில் வளையல் அடுக்கினாற்போல் சுருங்கி நிற்கும். முதல் முறைக்கு லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த, கோடு வைத்த ஸ்டாக்கிங்கே போதும். எப்போதும் இரண்டு ஜோடி வாங்குங்கள்.

பட்டு ஸ்டாக்கிங் கிடைக்காத அந்தக் காலத்தில் காலில் குழம்பு நிறமேற்றும் பொடியைக் கரைத்துப் பூசி, புருவப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார்கள். நம்மில் பலருக்குப் பொடி தேவைப்படாது, பென்சில் மட்டும் போதும். வெயில் நாளில் நானும் இதைச் செய்திருக்கிறேன். கோட்டை நீங்களே போட முயலாதீர்கள், இன்னொருவரை வைத்துப் போடுங்கள்.

4. இவற்றைப் போட்டுக்கொண்டு அளவெடுங்கள்

கர்டிலும் பிராவும் அணிந்த பிறகுதான் டேப்பை எடுக்க வேண்டும். மார்பு, இடுப்பின் குறுகிய இடம், இடுப்பெலும்பின் அகன்ற இடம், ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை, பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை முதுகின் நீளம், மேற்கையின் சுற்றளவு. கடைசி இரண்டையும் எல்லாரும் விட்டுவிடுவார்கள். பழைய கவுன்களில் கை குறுகல்; மார்பு சரியாக இருந்தும் கை ஏறாது.

லேபிளில் இருக்கும் சைஸ் எண்ணை மறந்துவிடுங்கள். பழைய 16 இன்றைய 16 இல்லை, அதைவிட மிகச் சிறியது. விற்பவரிடம் கவுனைத் தரையில் விரித்து ஓரத்திலிருந்து ஓரம் அளந்து இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். அந்த எண், உங்கள் உடம்பளவைவிட மார்பில் குறைந்தது இரண்டு அங்குலம் கூட இருக்க வேண்டும். சமமாக இருந்தால் கையைத் தூக்கும்போது அக்குள் கிழியும்.

5. காலணி

கவுன் சுமாராக இருந்தாலும் காலணி சரியாக இருந்தால் மொத்தத் தோற்றமும் எடுபடும். தலைகீழாக இருந்தால் எடுபடாது. முனை உருண்டது, குதிகால் தடித்தது, உயரம் இரண்டு அங்குலம் அளவு, நிறம் பழுப்பு அல்லது கறுப்பு அல்லது கருநீலம். கயிறு கட்டும் வகை 1943-க்கு மிகப் பொருத்தம்.

அசல் பழைய காலணி பார்க்க ஆசையாக இருக்கும். 80 வயதான தோல் காய்ந்து விறைத்திருக்கும், ஒட்டிய பசை பொடிந்திருக்கும். ஹாவர்த்தின் கடைத்தெரு கருங்கல் பாவிய செங்குத்து ஏற்றம். அங்கே நடுவழியில் அடிப்பாகம் கழன்றுவந்த ஒருவரை நான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். இப்போதைய காலணியில் வடிவம் பார்த்து எடுங்கள், அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டித் தரச் சொல்லுங்கள். இரண்டு வாரமாவது வீட்டில் போட்டுப் பழகுங்கள்.

6. இப்போது கவுன்: தைத்துக்கொள்வதே நல்லது

அசல் பழையது, அதே மாதிரியில் இப்போது தயாரிப்பது, தைத்துக்கொள்வது என்று மூன்று வழி. அசல் விலை அதிகம், அளவு கிடைக்காது, வியர்வை பட்டால் போயிற்று. தயார் நகல் வசதிதான், ஆனால் பலவற்றின் முதுகில் நீளமாக ஜிப்பு ஓடும். நான் மூன்றாவது வழியில் போனேன்.

பழைய பேட்டர்ன்களை, அதாவது துணி வெட்டுவதற்கான காகித மாதிரிகளை, பெரிய நிறுவனங்களே மறுபதிப்பாக வெளியிட்டிருக்கின்றன. சிம்ப்ளிசிட்டி, பட்டரிக், வோக் மூன்றும் வெளியிட்டவை உண்டு. அசல் பழைய பேட்டர்ன் கிடைத்தால் உஷார்: ஒரே ஓர் அளவுதான் இருக்கும், பலவற்றில் அச்சே இருக்காது, வெறும் ஓட்டைகள்தான் குறியீடு. முதல் முறைக்கு மறுபதிப்பே போதும்.

துணி: சின்னப் பூ, சின்னக் கோடு, பருத்தி அல்லது ரேயான். பாலியஸ்டர் வேண்டாம். கண்டுபிடித்தது போர்க்காலம்தான் என்றாலும் கடைக்கு வந்தது ஐம்பதுகளில். கடைக்காரர் சொல்வதில் சந்தேகம் வந்தால் ஒரு நூலை இழுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கடினமான மணியாகும்.

லண்டனில் சேலை பிளவுஸ் தைக்கும் ஓர் அக்காவிடம் கொடுத்தேன். அவருக்கு டார்ட் பிடிப்பது (உடம்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பது) கைவந்த கலை, ஆனால் இரண்டு இடத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இடதுபக்க இடுப்பில் ஜிப்பு வைக்கச் சொன்னதும், "ஏன் தங்கச்சி, முதுகுல வச்சா ஈஸியா இருக்குமே?" என்றார். அந்தப் பக்க ஜிப்புதான் காலத்தின் கையெழுத்து என்று படத்தைக் காட்டிப் புரியவைத்தேன். உலோகப் பல் ஜிப்பை நானே வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது, பிளவுஸ் பழக்கத்தில் உடம்போடு ஒட்டத் தைத்துவிட்டார். கையை முன்னால் நீட்டினால் முதுகு இழுத்தது. ஒருமுறை பிரித்துத் தைத்தோம். நீங்கள் முதலிலேயே பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டுக்கொண்டு உட்காருங்கள், குனியுங்கள், தலைக்கு மேல் கையைத் தூக்குங்கள். அதன்பிறகுதான் நல்ல துணியில் கத்தரி பட வேண்டும்.

7. இல்லை, அசல்தான் வேண்டும் என்றால்

இந்த இடத்தில்தான் என் 85 பவுண்டு போனது. எழுபதுகளில் நாற்பதுகளின் பாணி மறுபடி நாகரிகமானது. அதே கழுத்து, அதே தோள், அதே சின்னப் பூ. விற்றவரே ஏமாந்திருக்கலாம், தெரியாது. உள்பக்கத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஜிப்பு எங்கே? நடு முதுகில் நீளமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பிளாஸ்டிக் சுருள் ஜிப்பாக இருந்தால் நாற்பதுகள் இல்லவே இல்லை. போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாட்டால் பல கவுன்களில் ஜிப்புக்குப் பதில் பக்கத் திறப்பில் பிரெஸ் பட்டனும் கொக்கியும் வைத்திருப்பார்கள். துவைக்கும் முறை அச்சிட்ட லேபிள், நைலான் நூல், பாலியஸ்டர் என்ற சொல் ஏதாவது தென்பட்டால் வைத்துவிட்டு வாருங்கள். என் கவுனில் இதில் மூன்று இருந்தன. வெளியே மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

'சிசி41' என்ற முத்திரை, இரண்டு வெட்டிய உருண்டைகள் போல் இருக்கும், அரசு கட்டுப்படுத்திய 'யுடிலிட்டி' துணியின் அடையாளம். அது இருந்தால் விலை ஏறும். ஆனால் அந்தத் திட்டம் 1952 வரை நடந்தது, ஆகவே முத்திரை இருப்பதாலேயே போர்க்காலம் ஆகிவிடாது. தவிர, ஒரு லேபிளைப் பிரித்து வேறொன்றில் தைக்க எவ்வளவு நேரமாகும்?

விற்பவரிடம் படம் கேளுங்கள்: இரண்டு அக்குள், ஜிப்பு அல்லது திறப்பு, உள் தையல், கீழ் ஓரம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த முதுகு. கடைசிப் படத்தில் பூச்சி அரித்த ஓட்டைகள் நட்சத்திரமாகத் தெரியும். அக்குள் படத்தை அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் மாட்டாதீர்கள். கம்பளித் துணியைப் பையில் காற்றுப் புகாமல் மூடி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பூச்சி முட்டை உங்கள் பட்டுச் சேலைக்குப் பரவாது. ரேயான் கிரேப் துணியைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. ஒரு பழைய பிளவுஸை வாளியில் போட்டேன், அரைமணியில் பொம்மைக்குப் போடும் அளவுக்கு ஆகிவிட்டது.

8. தலை

நெற்றிக்கு மேல் சுருட்டி நிறுத்தும் 'விக்டரி ரோல்' பார்க்க எளிது, செய்யக் கடினம். தோள்வரை நீளமுள்ள தலைமுடிக்கே அது நிற்கும். இடுப்புவரை முடி இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம்: முன்பக்கம் மட்டும் ஒரு சின்ன ரோல், மீதியைப் பின்னி மடித்துக் கொண்டை வலைக்குள் போட்டுவிட்டால் அச்சு அசல் தொழிற்சாலைப் பெண். இன்னும் எளிது, ஒரு சதுரத் துணியை முக்கோணமாக மடித்துப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து நெற்றியில் முடிச்சிடும் தலைப்பாகை.

எண்ணெய் வைத்த தலையில் ரோல் நிற்காது. அன்று காலையே குளித்த தலையிலும் வழுக்கும். முந்தின நாள் குளித்த தலைதான் சரி. குறைந்தது நான்கு முறை ஒத்திகை பாருங்கள்.

9. தொப்பி, கையுறை, பை

தொப்பிக்கு ரேஷன் கூப்பன் தேவைப்படவில்லை, அதனால் பெண்கள் தங்கள் ஆசையையெல்லாம் அதில் காட்டினார்கள். நீங்களும் காட்டலாம். கையுறையும் பையும் சாரிட்டி ஷாப்பில் பாருங்கள்.

கழுத்தில் தொங்கும் வாயுமுகமூடிப் பெட்டி பற்றி ஓர் எச்சரிக்கை: அட்டைப் பெட்டியும் கயிறும் நகலாக வாங்கிக்கொள்ளுங்கள், போன் வைக்க வசதி. உள்ளே அசல் முகமூடி வேண்டாம். அந்தக் கால பிரிட்டிஷ் முகமூடியின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. விளையாட்டுக்குக்கூட முகத்தில் மாட்டாதீர்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

10. ரசீதும் சட்டமும்

பிரிட்டனில் ஒரு வணிகரிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. தனிநபரிடம் வாங்கினால் அது கிடையாது. ஆனால் அவரும் விவரிப்பில் எழுதியது உண்மையாக இருக்க வேண்டும். அதனால் விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள். நான் வைக்கவில்லை, விற்றவர் பக்கத்தை நீக்கிவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 135 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்குச் சுங்கவரி வரலாம், 20 சதவீத வாட் வரி தனி. விற்பவர் 'பரிசு' என்று எழுதி அனுப்புகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது பொய் அறிவிப்பு.

ஆமை ஓட்டுச் சீப்பு, முதலைத் தோல் பை, சில வகை ரோமக் கோட்டு ஆகியவை எல்லை தாண்டினால் அனுமதிச் சீட்டு கேட்பார்கள், இல்லையென்றால் பறிமுதல். யானைத் தந்தம் வாங்குவதும் விற்பதும் பிரிட்டனுக்குள்ளேயே 2022 ஜூனிலிருந்து தடை. சில விலக்குகள் உண்டு, அவற்றுக்கும் பதிவோ சான்றிதழோ வேண்டும். தந்தப் புரோச்சை (உடையில் குத்திக்கொள்ளும் அணி) நல்ல விலைக்கு நீட்டினால் விலகிவிடுங்கள்.

11. எனக்கு ஆன செலவு

கர்டில் 38 பவுண்டு, ஸ்லிப் 6, ஸ்டாக்கிங் இரண்டு ஜோடி 24, ரப்பர் ஒட்டியதையும் சேர்த்துக் காலணி 45. துணி, பேட்டர்ன், தையல் கூலி எல்லாம் சேர்ந்து கவுனுக்கு 115. தொப்பி 12, கையுறை 5, பை 18, புரோச் 4. மொத்தம் 267. வீணாய்ப்போன அந்த 85-ஐச் சேர்த்தால் 352.

இவ்வளவு முடியாது என்றால், கால்சட்டை, பழைய ஸ்வெட்டர், தலைப்பாகை, தட்டைக் காலணி என்று தொழிற்சாலைப் பெண்ணாகப் போங்கள். கர்டில் வேண்டாம், ஸ்டாக்கிங் வேண்டாம். ஐம்பது பவுண்டுக்குள் முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சில நேரம் அவர்கள்தான் எல்லாரையும்விட நன்றாக இருப்பார்கள்.

12. எத்தனை வாரம்

பத்து வாரம் வையுங்கள். முதல் வாரம் ஆண்டும் படங்களும், உள்ளாடை ஆர்டர். அது வந்து அளவெடுக்க மூன்றாம் வாரம் ஆகிவிடும். துணி நான்காம் வாரம். தையலுக்கு நான்கு வாரம் கேளுங்கள். கோடையில் திருமண ஆர்டர் குவிந்திருக்கும், உங்கள் கவுன் கடைசி வரிசையில்தான் நிற்கும். தைக்கக் கொடுத்திருக்கும் நாட்களில் காலணி பழகுங்கள், தலை ஒத்திகை பாருங்கள். ஒன்பதாம் வாரம் முழு உடையில் ஒரு நாள் வீட்டில் இருங்கள். பத்தாம் வாரம் பழுதுபார்க்க.

அன்று காலை இரண்டரை மணி நேரம் வேண்டும், அதில் பாதி தலைக்கு. சஸ்பெண்டரை மாட்டிய பிறகு அதன்மேல் ஜட்டியைப் போடுங்கள். கழிவறையில் இதன் அருமை தெரியும். கவுனைத் தலைவழியாகப் போடும்போது முகத்தில் ஒரு மெல்லிய துணியைப் போர்த்திக்கொண்டால் லிப்ஸ்டிக் ஒட்டாது.

கைப்பையில் நான்கு ஊக்கு, ஊசி நூல், ஸ்டாக்கிங் ஓட்டை பரவாமல் தடுக்க நிறமில்லாத நகப்பூச்சு, அப்புறம் ஒரு 5 பென்ஸ் நாணயம். சஸ்பெண்டரின் ரப்பர் குமிழ் உதிர்ந்தால், அதன் இடத்தில் ஸ்டாக்கிங்குக்கு உள்பக்கமாக நாணயத்தை வைத்துக் கொக்கியை இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் முறை ஹாவர்த் போனபோது பதினொரு மணிக்கே எனக்கு அது தேவைப்பட்டது. சாயங்காலம் வரை நின்றது.